கை தூக்காதவர்கள்

கையைத் தூக்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஊர். பார்க்க என்ன இருக்கிறது?

காந்தி ஜெயந்தி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேசைமேல் மாலை போட்ட காந்தி படம். அதன் பக்கத்தில் தீர்மானம், காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட, இவ்வூர் விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

எழுதியது அவர்தான். விவசாயிகள் சங்கச் செயலாளர்.

மக்காச்சோளம் கதிர் முற்றும் முன்பே போய்விடுகிறது. போன வருடம் பாதிச் சோளக்காடு போயிற்று. இந்த வருடம் மேற்கு மூலை இப்போதே சாய்ந்து கிடக்கிறது. தின்றதைவிட மிதித்தது அதிகம்.

அதனால்தான் வீடு வீடாகப் போனார். ஒருவர்கூட மறுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். காபி கொடுத்தார்கள்.

"நீங்க சொன்னாச் செரிதானுங்க" என்றார்கள்.

மகளிர் குழுத் தலைவி மயிலாத்தாளும் வீடு வீடாகப் போனார். துப்பாக்கி வந்தால் பன்றிக்கு முன்னால் மனிதன்தான் விழுவான் என்றார்.

அதே நாற்காலி. அதே காபி. அதே செரிதானுங்க.

இது செயலாளருக்கும் தெரியும். மயிலாத்தாளிடம் மரியாதைக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்.

மயிலாத்தாளும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்.

ஊராட்சித் தலைவர் ஆதரவுக் கைகளை எண்ணினார். எதிர்ப்புக் கைகளை எண்ணினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் மறுபடி எண்ணினார்.

"ரெண்டும் சமமா நிக்குதுங்க. முக்காவாசிப் பேரு எதுக்குமே தூக்கலீங்க."

செயலாளர் எழுந்தார். மயிலாத்தாளும் எழுந்தார்.

"தூக்காதவங்க எல்லாம் நம்ம பக்கந்தானுங்க!"

இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

பந்தல் சிரித்தது. கை தூக்காதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இப்போது அவர் திரும்பினார்.

காபி கொடுத்த முகங்கள் கீழே எதையோ தேடின. பெண்கள் பக்கம், ஜமுக்காளத்தின் ஓரத்தில், அவர் மனைவி. இரண்டு கைகளும் மடியில்.

தலைவரும் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்கூட்டு அம்மிணியே தூக்கலையே?"

"அவ நம்ம ஆளுதானுங்க. கூச்சம். நீங்க எழுதிக்குங்க."

அவளிடம் மட்டும் அவர் கேட்டிருக்கவில்லை. தன் கையிடம் போய் யாராவது ஆதரவு கேட்பார்களா?

அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. தலைவரைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"வெடியால இருட்டோட கருப்புக் கம்பளியப் போத்திக்கிட்டு, பன்னி முடுக்கறேன்னு சோளக்காட்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு போறீங்க. பக்கத்துக் காட்டுக்காரரு கையில துப்பாக்கி இருந்தா, அவரு உங்கள என்னன்னு நெனச்சுச் சுடுவாரு?"

சிரிப்பு மறுபடி கிளம்பியது. பக்கத்துக் காட்டுக்காரர் நாச்சிமுத்து அதை வளர்த்துவிட்டார்.

"அக்கா, பயப்படாதீங்க. நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் சுடுவேன்."

நாச்சிமுத்துக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆனது. இன்னொரு கண்ணுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.

தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்த கைகளில் அவருடையதும் ஒன்று.

அவள் சிரிக்கவில்லை. சொன்னது போதும் என்பதுபோல உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

தினமும் அவர் கம்பளியை எடுக்கும்போது அவள் அடுப்படியிலிருந்து வருவாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவர் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருப்பார்.

"செரி, பாத்துப் போங்க."

அவ்வளவுதான் அவர் முதுகுக்கு வந்து சேரும்.

அந்தச் செரியைத்தான் அவர் இத்தனை நாளும் தன் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மறுபடி கேக்கறனுங்க. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. சங்கத்துக்காரர்கள் செயலாளர் கையைப் பார்த்தார்கள். அது முதலில் போக வேண்டும். பிறகுதான் மற்றவை போகும். எப்போதும் அப்படித்தான்.

மயிலாத்தாளும் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

செயலாளர் நடந்தார். மேசைப் பக்கம் அல்ல. நாற்காலிகளுக்கு நடுவே, பெண்கள் பக்கமாக. ஜமுக்காளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.

"இங்க எங்க வாறீங்க? அந்தப் பக்கம் போங்க. எல்லாரும் பாக்கறாங்க."

முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் போகவில்லை. குனிந்தார். பக்கத்துப் பெண்ணுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்பச் சோளத்துக்கு என்ன பண்ணலாங்கறே?"

மேசையருகே தலைவர் இன்னொரு முறை கூப்பிட்டார்.

அவள் கொஞ்சம் நகர்ந்து, ஜமுக்காளத்தில் இடம் விட்டாள்.