சந்திரவல்லி போட்ட ஒத்த ஸ்டார்

"ஒன் யோசனையெல்லாம் தூக்கி ஒடப்புல போடு மாப்ளே! மூணே வாரம். வெப்சைட் வழியா எண்பத்தாறு ஆர்டரு. பாதிச் சரக்கு காலி!"

போடி ஏலக்காய் வியாபாரி வேலுச்சாமி, செல்போனை பிரபுவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பிரபு பக்கத்து ஊர் ராசிங்காபுரத்துக்காரன். கடைகளுக்கு வெப்சைட் செய்து, அதைக் கூகுள் தேடலில் மேலே ஏற்றிவிடுவது அவன் சோலி.

போன மாதம் ஏலத்தில் சூடாகி, வீம்புக்கு இருநூறு கிலோ எட்டு மில்லி (மில்லிமீட்டர்) பருமன் காயை எடுத்துவிட்டார் வேலுச்சாமி. பெரிய காய், பச்சைப் பசேலென்று இருந்தது. ஆனால் பச்சை மங்குவதற்குள் விற்றாக வேண்டும். வெளுத்த காயை எவன் சீந்துவான்? உள்ளூரில் ஒருத்தரும் கேட்கவில்லை. அப்போதுதான் பிரபுவைக் கூப்பிட்டு, "எப்படியாச்சும் இன்டர்நெட்டுல வித்துக் குடுடா" என்று கெஞ்சினார்.

அவனும் வஞ்சகமில்லாமல் சொன்னான்.

"அண்ணே, உங்க பக்கத்துக்குத் தலைப்பு 'முகப்பு'ன்னு கெடக்கு. எவனாச்சும் ஏலக்காய் வாங்க 'முகப்பு'ன்னு தேடுவானா? 'போடி ஏலக்காய், எட்டு மில்லி'ன்னு வைங்க. போட்டோவெல்லாம் ஏகப்பட்ட கனம். பக்கம் தெறக்கிறதுக்குள்ள ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான், அதைச் சின்னதாக்கணும். அப்புறம், சனங்க என்ன தேடுறாங்களோ அதுக்குப் பதில் எழுதுங்க. சாயம் ஏத்துன காயை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எத்தனை மாசம் வச்சிருக்கலாம், இப்படி. எதிர்க்கடை குருவம்மாக்கா இதெல்லாம் செஞ்சுதான் கூகுள்ல மொத ஆளா வர்றாங்க."

"எத்தனை நாளாகும்?"

"மூணு மாசம், நாலு மாசம்…"

"அதுக்குள்ள எங் காயி வைக்கோலாப் போயிரும்டா!"

அதோடு, குருவம்மாள் பேரைச் சொன்னதே அவருக்கு ஆகவில்லை. புருஷன் தவறின பிறகு கடையில் உட்கார்ந்த பொம்பளை. இவர் வியாபாரத்துக்கு வந்து முப்பது வருஷம். கூகுளில் அவள் முதல் ஆள், இவர் கடை நாலாம் பக்கத்தில் என்றால் வயிறு எரியாதா?

எரிந்த வயிறு சும்மா இருக்கவில்லை.

"என்ன செஞ்சேன் தெரியுமா?" வேலுச்சாமி இப்போது குரலைத் தணித்தார். "அவ வெப்சைட்டுல வாங்குனவங்க கருத்துன்னு ஒரு எடம் இருக்குல்ல? அதுல 'சென்னை சந்திரவல்லி'ன்னு ஒரு பேரைப் போட்டு, ஒத்த ஸ்டாரக் குடுத்து, காய் மட்டம்னு நாலு வரி தீட்டிட்டேன். அவ எறங்குனா, நான் ஏறிட்டேன்!"

"பாவம்ணே அந்தக்கா."

"யாவாரத்துல என்னடா பாவமும் புண்ணியமும்? போவியா!"

பிரபு தன் லேப்டாப்பைத் திறந்தான். கொஞ்ச நேரம் தட்டினான். அவன் முகம் ஒரு தினுசாகப் போனது.

"அண்ணே, நீங்க ஏறல. இன்னமும் நாலாம் பக்கத்துலதான் கெடக்கீங்க."

"அப்ப ஆர்டரு எப்படி வந்துச்சாம்?"

"யாரு எந்த வழியா நம்ம கடைக்குள்ள வந்தாங்கன்னு இதுல தெரியும். வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு ஒரே எடத்துல இருந்து வந்திருக்காங்க. குருவம்மாக்கா வெப்சைட்டுல இருந்து."

"அங்க எனக்கென்னடா சோலி?"

பிரபு அந்தப் பக்கத்தைத் திறந்தான். புகழ்ந்து எழுதியவர்கள் நாற்பது பேர். எல்லோருக்கும் அடியில் சந்திரவல்லியின் ஒத்த ஸ்டார். வாங்குகிறவன் கண் முதலில் அங்கேதானே போகும்!

பிரபு சத்தமாகப் படித்தான். "'காய் மட்டம். லிட்டர் வெயிட்டு நானூறு கிராம் கூட வரவில்லை.' … அண்ணே! ஒரு லிட்டர் படியில காயை அளந்து நிறுத்துப் பாக்குறதெல்லாம் யாவாரிக சோலி. பாயாசத்துக்கு நாலு காய் தட்டிப் போடுற சென்னைக்காரம்மா லிட்டர் வெயிட்டா பாக்கும்?"

வேலுச்சாமிக்கு முப்பது வருஷப் பழக்கம், கை தன்னால் எழுதிவிட்டது.

அதற்குக் கீழே குருவம்மாளின் பதில் இருந்தது.

'மன்னிக்கணும்மா. எங்களிடம் இருப்பது ஏழு மில்லி காய். உங்களுக்குத் தோதான எட்டு மில்லி காய் எங்கள் ஊர் வேலுச்சாமி அண்ணன் கடையில் இருக்கிறது. நம்பி வாங்கலாம். அவர் கடைக்கான லிங்க் இதோ.'

வேலுச்சாமி எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி எதிர்க்கடைப் படியேறினார்.

குருவம்மாள் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. காப்பி சொல்லவா?"

"இல்லத்தா… உன் வெப்சைட்டுல ஒரு சென்னைப் பொம்பள தப்பா எழுதியிருக்காமே. அது பொய்யாத்தான் இருக்கும். மொதல்ல அதை அழிச்சிரு." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

"அய்யய்யோ, அழிச்சிராதீங்கண்ணே!" குருவம்மாள் பதறிப்போய்ச் சொன்னாள். "அதுக்கடியிலதான உங்க கடை லிங்க் கெடக்கு. ஏலத்துல நீங்க எடுத்தப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. காயி வெளுக்கிறதுக்குள்ள மிச்சமும் வித்து முடியட்டும். அப்புறமா அந்தச் சந்திரவல்லிய வந்து அழிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."