தொடாத பியானோ

"இருபது வருஷமா யாரும் தொடலை," என்று குருமூர்த்தி முதலிலேயே சொல்லிவிட்டார். புழங்காத பொருளுக்கு மதிப்பு அதிகம் என்பது அவர் எண்ணம்.

விலை சொல்ல வந்திருந்த பெத்துராஜ் திருநெல்வேலிக்காரர். தர்மதலாப் பக்கம் பழைய பியானோக்களைப் பழுதுபார்ப்பவர். முன்பலகையைக் கழற்றி, இரும்புச் சட்டத்தில் இருந்த எண்ணைத் துடைத்துப் படித்தார். லண்டன் சரக்கு, 1911 வாக்கில் செய்தது என்றார்.

ஊரைக் காலி செய்துபோன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் மாமனார் வாங்கியது. கல்யாணமானதும் மீனாக்ஷியோடு இந்தக் காளிகாட் வீட்டுக்கு வந்தது.

மீனாக்ஷி தை மாதம் இறந்துபோனாள். அவர் குடிபோகவிருக்கும் மகளின் நியூ டவுன் ஃப்ளாட்டில் இதற்கு இடமில்லை.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பெத்துராஜ், நிமிர்ந்து சிரித்தார்.

"என்ன சார், எங்கிட்டயேவா? சும்மா கெடந்தா இந்த ஊரு ஈரத்துக்குக் கட்டையெல்லாம் இறுகியிருக்கும். சுத்தியல்ல ஒட்டுன கம்பளியப் பூச்சி தின்னுருக்கும். இது தெனம் வாசிச்ச பொட்டியில்லா."

சுத்தியல்களுக்கும் தந்திகளுக்கும் நடுவிலிருந்து நீளமாக மடித்த ஒரு துணியை உருவி அவரிடம் நீட்டினார்.

"சத்தம் அமுங்கறதுக்குச் செருகியிருக்காங்க. அக்கம்பக்கத்துக்குப் பயந்தவங்க போல."

போன துர்கா பூஜைக்கு மீனாக்ஷிக்கு எடுத்த புடவையின் ப்ளவுஸ் துணி. தைக்கக் கொடுக்கவே இல்லை.

அக்கம்பக்கத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு முன், ஆபீஸ் விட்டு வந்த ஒரு சாயங்காலம், "மூடித் தொலை" என்றது குருமூர்த்திதான். மறுநாளிலிருந்து வீட்டில் சத்தமில்லை. ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள் என்று நண்பர்களிடம் பெருமையடித்தும் இருக்கிறார்.

"இப்பக் கேளுங்க சார், துணிய எடுத்ததும் எப்படிப் பேசுதுன்னு," என்று பெத்துராஜ் பியானோ பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அவருடைய தோள்கள் அசைந்தன. குருமூர்த்தி அந்த முதுகைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டு நின்றார்.

எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். முதுகு காட்டினால் ஒன்றும் கேட்காது. காது போய் ஆறு வருஷமாகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. மீனாக்ஷியிடமும்.

அவள் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது காது நன்றாக இருந்த காலத்திலேயே அவர் வழக்கம். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.