ஓரகத்தியின் ஓவன்

மூத்த மருமகள் சுடும் கேக் எப்போதும் நடுவில் குழி விழும். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி சுடுவது மட்டும் தலையணை போல உப்பி நிற்கும். அதே மாவு, அதே முட்டை, அதே அளவு. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் ஓவனைத் திறந்து, கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தும் பலனில்லை. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"அவ ஓவன்லதான் ஏதோ இருக்கு. மாத்தி வாங்கிட்டு வாங்க," என்று கணவனிடம் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அது ஓட்டை ஓவன். நம்மளது புதுசு."

"இருக்கட்டும்."

ஓரகத்தி மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தனுப்பினாள். அந்தப் பெருந்தன்மையும் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்றே கேக்கை உள்ளே வைத்தாள். ஐந்தாவது நிமிடம் கதவை இழுத்தாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஏம்மா, கதவு திறக்கவே மாட்டேங்குது?"

"சொல்ல மறந்துட்டேன்க்கா. சூடானா இறுகிக்கும். அணைச்சு ஆறினாத்தான் திறக்கும். அதுவரைக்கும் நான் துணி மடிக்கப் போயிடுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவழியாகக் கதவு திறந்தபோது, கேக் தலையணையாக உப்பியிருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டாள். ஏனோ ருசிக்கவில்லை. மறுபடி போன் செய்தாள்.

"உன்னோடது எப்படி வந்துச்சு?"

"புது ஓவன் கதவு லேசா திறக்குதேன்னு அடிக்கடி எட்டிப் பாத்தேன்க்கா. நடுவுல அமுங்கிப்போச்சு."

"அடப்பாவமே," என்றபடி மூத்தவள் இன்னொரு துண்டை வாயில் போட்டாள்.

இப்போது இனித்தது.