சிங்குக்குள் ஒரு கை

அவர் வாளியைத் தூக்கிவிட்டார்.

அவள் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்குக்கு அடியில் தொங்க வேண்டிய கழிவுநீர்க் குப்பி தரையில் கிடந்தது. ஓட்டைக்குக் கீழே இப்போது வெறும் காற்றுதான். குப்பியை அவிழ்த்தவர் அவரே. அரை மணி நேரம் திட்டித் திட்டி அவிழ்த்தார். வடிந்த அழுக்குத் தண்ணீரைத்தான் வாளியில் பிடித்து வைத்திருந்தார்.

அந்த வாளியைத்தான் அதே சிங்கில் கவிழ்க்கப் போகிறார்.

ஒரு வார்த்தை போதும். 'ஐயோ' என்றால்கூடப் போதும்.

அவள் சொல்லவில்லை. பேசி ஒன்பது நாளாகிறது.

முதல் இரண்டு நாள் வீட்டில் பால் தானாகத் திரிந்தது. நான்காம் நாள் பல்லிகள் எதிர்வீட்டுக்குக் குடிபோயின. ஆறாம் நாளிலிருந்து குக்கர்கூட விசில் அடிக்கவில்லை. மூச்சு மட்டும் விட்டது.

குடியிருப்புப் பெண்கள் பதினான்கு பேர் வேன் பிடித்து ஒகேனக்கல் போகிறார்கள். பரிசலில் ஏறுவார்கள், மீன் தின்பார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவள் தனக்கென்று பெயர் கொடுத்த முதல் பயணம். அவளைக் கேட்காமலே அவர் போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னார். அவளுக்கு முழங்கால் வலி என்றார்.

முழங்கால் வலி அவருக்கு.

அவளே போனில் பேசி மறுபடி பெயரைச் சேர்த்திருக்கலாம். மாட்டாள். எடுத்தவர்தான் வைக்க வேண்டும். அதுவரை இந்த வாயிலிருந்து ஒரு சொல் வராது என்று சொல்லி வாயை மூடியவள்தான்.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது.

வேன் நாளைக் காலை ஐந்து மணிக்கு.

குப்பிக்குள் அடைத்திருந்ததும் களிதான். ஒன்பது நாள், பதினெட்டு உருண்டை. அவள் முதுகு திரும்பும்போதெல்லாம் அவர் சிங்கில் கரைத்து ஊற்றியிருக்கிறார். தரையில் தட்டியபோது குப்பியின் வடிவத்திலேயே, மரை வரிகூட அழியாமல், வெளியே வந்து நின்றது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை.

வாளி கவிழ்ந்தது.

அவள் பாய்ந்து ஓட்டையை உள்ளங்கையால் அடைத்தாள்.

அவருக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழே, சுவரோரமாக, போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்காக அவர் சாய்த்து வைத்தது. வீட்டுக்கே அந்த ஒரு போன்தான்.

கறுத்த தண்ணீர் அவள் வளையல்வரை ஏறி நின்றது.

அவர் தண்ணீரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். தரையில் கிடந்த குப்பியைப் பார்த்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்றையும் கூட்டி விடை காணக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிறகு போனை எடுக்க அடியில் நுழைந்தார். உள்ளே போக அவருக்கு ஆறு நிமிடம். வெளியே வரப் பத்து நிமிடம், அதுவும் காற்று அனுகூலமாக இருந்தால்.

வழுக்கைத் தலை ஓட்டைக்கு நேர் கீழே வந்தது.

அவள் சுண்டுவிரலைத் தூக்கினாள்.

ஒரு சொட்டு.

"ஏய்."

மோதிர விரல்.

நாலு சொட்டு.

"ஏய், நான் உள்ள இருக்கேன்ல?"

அது அவளுக்குத் தெரியும். நடுவிரல் மெல்ல அசைந்தது.

கீழே சத்தம் நின்றது. அப்புறம் எண்களை அழுத்தும் சத்தம்.

"வளர்மதிம்மா... ஆமா, ரெண்டாவது மாடிதான். அந்த வேன்ல... அவ பேரைத் திரும்பச் சேர்த்துக்கம்மா."

வேன் பிடித்த வளர்மதியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அவசரப்படாத குரல்.

"உங்க பேச்சை நம்பி ஒருக்கா எடுத்தாச்சு சார். திரும்ப அதே பேச்சை நம்பிச் சேக்கச் சொல்றீங்களா? அக்காகிட்ட குடுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

சிங்குக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும், போனோடு, வெளியே நீண்டது.

அவள் இடது கையால் வாங்கினாள்.

"வரேன் வளரு," என்றாள். ஒன்பது நாளில் குரல் லேசாகத் துருப்பிடித்திருந்தது. "அஞ்சு மணிக்குக் கீழ நிப்பேன். எனக்கு சன்னலோர சீட்டு."

அழைப்பு முடிந்தது.

"சொன்னதைச் செஞ்சாச்சுல்ல? கையை எடுத்துறாத. இரு, வந்துர்றேன்," என்றார் அவர் கீழிருந்து.



அவள் போனைப் புடவையில் துடைத்தாள். கை எட்டுகிற மட்டும் எட்டி, அடுப்பு மேடையின் அந்தக் கோடியில், ஒரு சொட்டும் தெறிக்காத தூரத்தில், அதைப் பத்திரமாக வைத்தாள்.