பொருந்தாத ரேகை

பெரியவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“ரேகை பொருந்தலை, பெரியவரே. மாத்திரை தர முடியாது,” என்றாள் அரசு மருந்தகத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“காலமெல்லாம் சிமென்ட் குழைச்ச கை, தேஞ்சுபோச்சும்மா. நெஞ்சு வலிக்கான மாத்திரை. நேத்தே தீந்துடுச்சு.”

“பதிவுல இருக்கிறவர் நீங்கதான்னு மெஷின் சொல்லணும். நான் சொன்னா செல்லாது.”

பின்னால் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. “உனக்கு மனசுல ஈரமே இல்லையாம்மா?”

பெரியவர் அவரைத் தடுத்தார். “அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? ரேகை இல்லாம தெரிஞ்சவருக்குக் குடுத்த ஒருத்தருக்குப் போன மாசம் வேலையே போச்சு.”

அவள் தலைக்கு மேலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தாள். “அடுத்தவங்க வாங்க.”

மாலையில் வேலை முடிந்து வந்தவள், தெருமுனையில் காத்திருந்த பெரியவரிடம் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

“வெளிக்கடையில விலை ஏறிப்போச்சு. இந்த வாரத்துக்குத்தான் வாங்க முடிஞ்சது, அப்பா.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவர் மகளின் தலையைத் தடவினார். “அழாதே. நீ சரியாத்தான் பேசினே. எனக்கே ஒரு நிமிஷம் நீ யாரோன்னு தோணிடுச்சு.”