பேர் சொல்லாமல்

சஃபாரி வண்டி கிளம்பும் முன்பே வழிகாட்டி மாதன் சொல்லிவிட்டார்: “நாங்க யானைன்னு பேர் சொல்ல மாட்டோம். அவருன்னுதான் சொல்லுவோம். நீங்களும் அப்படியே சொல்லுங்க.” நானும் என் கணவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை, எப்போதும் ‘அவர்’தான். அவர் இறந்த பிறகு அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. பேச்சு அவரைத் தொட்டால் எழுந்து போய்விடுவேன். ஓடும் வண்டியில் எங்கே போவது? பக்கத்து இருக்கை அம்மாள் முறுக்கை நீட்டி, “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்றார். நான் முறுக்கை எடுக்கக் கை நீட்டுவதற்குள், பாதையில் ஆவி பறக்கக் கிடந்த யானைச் சாணத்தை எட்டிப் பார்த்த மாதன் திரும்பாமலே சொன்னார்: “அவரு இப்பத்தாம்மா போனாரு. வயிறாரச் சாப்பிட்டுட்டு, ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டாரு.” அம்மாளின் கை முறுக்கோடு அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நிஜந்தாம்மா. அவர் அப்படித்தான் போனார்,” என்றேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவருடைய குறட்டை, அவருடைய கோபம், அவர் கிண்டும் உப்பில்லாத உப்புமா என்று சொல்லிக்கொண்டே போனேன். மூங்கில் புதர் அருகே வண்டியை நிறுத்தச் சொன்ன மாதன் என் பக்கம் சாய்ந்தார். “மெதுவாப் பேசுங்கம்மா. அவருக்குக் கேக்கும்.”