இன்னொரு கரண்டி

"இந்தக் கலரு பாட்டிலை எல்லாம் யாரும்மா வாங்கிட்டு வரச் சொன்னது?"

புது வீட்டு வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது.

"நான்தான் உன் தம்பி காளிராஜை வாங்கியாரச் சொன்னேன்" என்றாள் அம்மா பூமயில். "மேலத்தெரு ஆளுக வந்தா வேற எதைக் குடுக்க? நம்ம அடுப்புல வெந்ததை என்னைக்குத் தின்னுருக்காக? மூடி போட்ட கலருன்னா குடிப்பாக."

"தின்னா திங்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். பரமக்குடி ஆஸ்பத்திரியில நான் நர்சு. இதே ஆளுகதான் அங்கன வந்து என்கிட்ட கஞ்சி வாங்கிக் குடிக்கிறாக. அப்ப மட்டும் தொண்டையில இறங்குதாக்கும்?"

"ஏன்டி, பால் காய்ச்சுன அன்னைக்கே வம்பை இழுக்காதே."

பந்தலில் கறிக்குழம்பு மணத்தது. மேலத்தெருக்காரர்கள் வரத்தான் செய்தார்கள். ஒருவருக்கு விரதம். ஒருவருக்கு வயிறு சரியில்லை. உக்கிரபாண்டி இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். ஆளுக்கொரு கலரை உறிஞ்சிவிட்டு, "வாரேன் பூமயிலு" என்று கிளம்பிவிட்டார்கள்.

ஈஸ்வரி மிச்சப் பாட்டில்களைப் பெட்டியோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இனிமே வர்ற ஆளுக்கு இலைதான். வேற கிடையாது."

அந்த நேரம் பார்த்து மேலத்தெரு முருகலட்சுமி வந்தாள். பூமயில் வருஷக்கணக்காக மிளகாய் பறிக்கும் காட்டுக்குச் சொந்தக்காரி.

"வாங்க நாச்சியா!" என்று வழக்கமான மரியாதையோடு அழைத்த பூமயிலின் கை தன்னால் கலரைத் தேடியது.

"வாங்க மேடம்" என்றாள் ஈஸ்வரி. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

முருகலட்சுமி தயங்கினாள். "இல்ல புள்ள, எனக்கு..."

"சொல்லுங்க மேடம். விரதமா, வயித்து வலியா?"

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூமயில் மகளின் தொடையைக் கிள்ளினாள்.

முருகலட்சுமி பந்தியை ஒருதரம் பார்த்தாள். எல்லார் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது.

"எனக்கு ஓரமா ஒரு இலை போடுன்னு சொல்ல வந்தேன்."

காளிராஜ் அவசரமாக இலை விரித்தான். பூமயிலுக்குத் தண்ணீர் தெளிக்கக்கூடக் கை ஓடவில்லை.

முருகலட்சுமி சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கறித்துண்டை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

ஈஸ்வரி விடவில்லை. கரண்டியோடு எதிரே போய் நின்றாள்.

"எங்க வீட்டுச் சோறு இறங்கலையோ மேடம்? கஷ்டமா இருந்தா எந்திரிச்சிருங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாக."

முருகலட்சுமி நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா? குழம்பு அம்புட்டு ருசியா இருக்கு. இன்னொரு கரண்டி சோறு போடு. அந்தக் கேசரியையும் வையி."

இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. எழுந்திருக்கும்போது இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுப் போனாள். பூமயில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியாம்மா? கலரைத் தூக்கி உள்ள வச்சதும் தன்னால உக்காந்து சாப்பிடுறாக!" என்றாள் ஈஸ்வரி.

ஆனால் கை கழுவப் போன முருகலட்சுமி திரும்பி வரவில்லை.

'தின்னதை எல்லாம் வாந்தி எடுக்கிறாளோ?'

ஈஸ்வரி கொல்லைப்பக்கம் விறுவிறுவென்று போனாள். தண்ணீர்த் தொட்டியின் மறைவில், சேலையை விலக்கி, தன் வயிற்றில் தானே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள் முருகலட்சுமி.

"மேடம்! சாப்பிடுறதுக்கு முன்னாடியில்ல இதைப் போடணும்! சுகர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அம்புட்டுச் சோறு, கேசரி வேற..."

"சொல்லத்தான் புள்ள வாயெடுத்தேன்."

முருகலட்சுமி சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க ஆளுக உங்க வாசல்ல ஒருநாளாச்சும் நெசத்தைச் சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் சொல்லுறதை நீ நம்பியிருப்ப."